ஜெட் நம்பர் 138

இதற்கு ஸ்டாண்ட் இல்லை.
அறுநூற்றிருபது கிராம் என்று கழற்றிவிட்டோம்.
தானாய் நிற்காது,
சுவரில் சாய்த்தால் மட்டும் சமர்த்து.
லைட் இல்லை, ஹோர்ன் இல்லை, கண்ணாடி இல்லை,
நம்பர் பிளேட்டுக்கு ஒரு துளைகூட இல்லை.
கந்தப்பளை டவுனுக்குப் போய்
ஒரு இறாத்தல் பாண் வாங்கி வர முடியாத பைக்குக்கு
இரண்டு போக லீக்ஸ் போயிருக்கிறது.

கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறேன்.
கார்பன் சைலன்சர்: என் காப்பு, ஒரு சோடி.
மக்னீசியம் வீல்: லீசிங், முப்பத்தாறு மாதம்.
பிஸ்டன், ரிங்: பஞ்சிகாவத்தை. பஸ் காசு தனி.
கீசர் என்றும் ஒரு வரி இருக்கிறது,
மூன்று வருடமாய் எதிரே வெறும் கோடு.
சுடுதண்ணி கலந்த அரை வாளியில்
பல் கிட்டக் குளித்துவிட்டு வந்து
அமலதாஸ் சொல்வான்: "பாரு, அரை செக்கன் குறைஞ்சிருக்கு!"
அரை செக்கனை வைத்து என்ன செய்வது என்று
என் தம்பி கேட்டான். லீசிங்காரன் கேட்டான்.
நான் கேட்டதில்லை.
ஸ்டொப்வோச் என் கையில்தான் இருந்தது.

அதோடு, ஒரு தடவை நானும் ஓட்டினேன்.
பனி விலகாத விடியல், எஸ்டேட் லொறிப் பாதை.
எட்டாயிரம் சுற்று வரைக்கும்
கரட் லொறி மாதிரி இருமியது.
அதற்குமேல்
மலை தன் கையை என்மேலிருந்து எடுத்துக்கொண்டது.
தேயிலை வரிசையெல்லாம் ஒரே பச்சைக் கீறல்.
விளக்கெண்ணெய் கருகும் வாசம்
இரண்டு நாள் தலைமுடியில் இருந்தது.
தண்ணி குளிர் என்று சொல்லிக் கழுவாமல் விட்டேன்.

நிஸ்தார் நானா படித்துப் படித்துச் சொன்னார்:
இங்கே ஆறாயிரம் அடி, காற்று மெலிசு,
சின்ன ஜெட் போதும், நூற்று முப்பத்திரண்டு.
கடலோரம் காற்றுத் தடிப்பு.
முப்பத்தெட்டு மாற்றாவிட்டால்
பெட்ரோல் காணாமல் பிஸ்டன் உருகிப் போகும்.
மாற்ற வேண்டியதைப் பேப்பரில் மடித்து
என் ஹேண்ட்பேக்கில் போட்டார்.
தோடு மாதிரி மின்னியது, பித்தளை.

லீக்ஸ் கூடைகளுக்கு நடுவே கட்டிக் கொண்டுபோய்
ஓடுபாதையில் இறக்கியபோதே
லைனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
"எட்டுச் சுற்றுத்தானே" என்றான்.
நான் பேக்கின் சிப்பைத் தொட்டேன்.
தொட்டேன், அவ்வளவுதான்.

முதல் சுற்று, நாங்கள் கண்டிராத நேரம்.
இரண்டாவது அதையும் வெட்டியது.
பெட்ரோல் காணாத எஞ்சின்
சாவதற்குச் சற்று முன் அப்படித்தான் ஓடுமாம்,
சத்தம் கண்ணாடி கீறுவது போல் கூர்மையாய்.
அதையும் நானா சொல்லியிருந்தார்.
போர்டைத் தூக்கி உள்ளே வா என்று காட்டியிருக்கலாம்.
நான் நேரத்தை எழுதிக் காட்டினேன்,
பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும்.

நான்காவதில் பின்சில்லு இறுகியது.

கினிகத்தேனை ஏற்றத்தில் லொறி முனகிக்கொண்டு வந்தது.
முன்சீட்டில் அவன், உடைந்த காரை எலும்போடு.
பின்னால் நான், பைக்கைக் கட்டிப் பிடித்தபடி.
ஸ்டாண்ட் இல்லையே.
அட்டன் தாண்டியதும் சின்னக் கண்ணாடியைத் தட்டினான்.
வலிக்கிறதாக்கும் என்று குனிந்தேன்.
"அந்த ரெண்டாவது சுற்று... சரியாப் பிடிச்சியா?"
சரியாத்தான் பிடித்தேன்.
"கொப்பியில எழுது."

பேனைக்குத் துழாவியபோது
பேப்பர் மடிப்பு விரலில் பட்டது.
லொறி வளைவில் எழுத்துக் கோணிப்போனது.
பக்கம் முழுக்க நிரம்பியிருந்தது.
கீசருக்கு எதிரேதான்
கொஞ்சம் இடம் இருந்தது.